எழுபது ஆண்டு ஆய்வுக்குப் பின்னும் ஒரு செல்லை உண்டாக்க முடியவில்லை: இது படைப்புக்குச் சான்றா?

சூரமங்கலம் சைவன்

சேலத்தில் அண்மையில் மாணவர்களுக்காக நடந்த ஓர் அறிவியல் கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர், உயிர் வேதிவினைகளால் தானாகவே தோன்றியது என்பது நிறுவப்பட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னார். அது நிறுவப்படவில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் காட்டிய சான்று, 1953ல் வெளியான ஸ்டான்லி மில்லரின் சோதனை. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சினார். நீர் நிறம் மாறியது. அதில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமினோ அமிலம் உயிர் அன்று. அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. உலகின் தலைசிறந்த ஆய்வகங்கள் அத்தனையும் சேர்ந்து, உயிரற்ற பொருளிலிருந்து ஒரே ஒரு செல்லையாவது உண்டாக்கியிருக்கின்றனவா?

தடைகளும் சிறியவை அல்ல. மில்லரின் குடுவையில், கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றுக்கொன்று எதிரான இடக்கை வடிவ அமிலமும் வலக்கை வடிவ அமிலமும் சரிபாதியாகவே உண்டாகும். உயிர்களின் புரதங்களிலோ இடக்கை வடிவம்தான் இருக்கிறது. புரதம் செய்ய டி.என்.ஏ.வில் எழுதிய குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். எது முந்தியது? நீரில்தான் உயிர் தோன்றியது என்கிறார்கள். அதே நீர்தான் இந்த மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துப்போடுகிறது.

சைவ சித்தாந்தம் இதற்கு விடை வைத்திருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். மண்ணை எத்தனை கோடி ஆண்டு மழையில் போட்டுவைத்தாலும் அது குடமாகாது. அறிவுள்ள மனிதன் முயன்றும் கைகூடாத ஒன்றை அறிவில்லாத சடம் தானே செய்துகொண்டது என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என்ன நியாயம்? வகுப்பறையில் படைப்புக்கும் சம இடம் தர வேண்டும்.

காந்தக்கல்

ஐயா, நான் நிலவியல் முதுகலை மாணவி. ‘நிறுவப்பட்டுவிட்டது’ என்று அவர் சொல்லியிருந்தால் அது தவறு. இத்துறையில் உழைப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. என் உடன்பாடு அதோடு முடிகிறது. ‘இன்னும் தெரியவில்லை’ என்பதிலிருந்து ‘ஆகவே படைப்பு’ என்று போகிறீர்கள். அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று நீங்கள் காட்டவில்லை.

நீங்கள் அடுக்கிய தடைகளை 1953க்குப் பிறகு யாருமே தொடவில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். புரதமா, டி.என்.ஏ.வா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.வைப் போலவே குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வே, வினைகளை நடத்தும் நொதியாகவும் வேலை செய்யும் என்பதைத் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டுபிடித்து 1989ல் நோபல் பரிசு பெற்றார்கள். குறிப்பைச் சுமப்பதும் வினையை நடத்துவதும் ஒரே மூலக்கூறால் முடியும் என்றாகிவிட்டது. நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் கோக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்த ரைபோசோமில் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இடத்தில் வினையை நடத்துவது புரதம் அன்று, ஆர்.என்.ஏ. புரதங்கள் வருவதற்கு முன்பே ஆர்.என்.ஏ. இருந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நெருக்கமான தடயம் இல்லை.

இடக்கை, வலக்கைப் பிரச்சினை உண்மையிலேயே கடினமானது. அதிலும் வேலை நடக்கிறது. 2023ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், ஆர்.என்.ஏ.வுக்கு முன்னோடியான ஒரு சேர்மத்தை மேக்னடைட் பரப்பின்மேல் படிகமாக வளர்த்து, ஒரே கை வடிவத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். மேக்னடைட் என்பது காந்த இரும்புத்தாது. நம் கஞ்சமலை முழுக்க வரிவரியாகக் கிடப்பது அதுதான். அடிவாரத்தில் ஒரு துண்டைப் பொறுக்கிக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால், கறுப்பு வரிகளில் ஒட்டும், இடையிலுள்ள வெள்ளைக் குவார்ட்ஸ் வரியில் ஒட்டாது.

எழுபது ஆண்டு என்கிறீர்கள். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுப்பட்டு நிற்கும் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அது உருவாவதற்கு ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு முன்னதாகவே ஆஸ்திரேலியாவில் நுண்ணுயிர்கள் படிமங்களை விட்டுச்சென்றுவிட்டன. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. ஒரு குடுவையில் ஒரு வாரம் நடந்ததை, கடல்களெங்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்ததோடு எப்படி ஒப்பிடுவது?

அம்மாப்பேட்டைத் தறி

1944 ஆகஸ்டு 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். இந்த ஊரில் ‘தெரியாததெல்லாம் கடவுள் செயல்’ என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

பெரியம்மை அம்மனின் சீற்றம் என்று நம் பாட்டன் பூட்டன் நம்பினார்கள். காரணம் தெரியாததால் நம்பினார்கள். குழந்தைகள் செத்தார்கள், கண்ணிழந்தார்கள். பிறகு வைரஸ் என்று தெரிந்தது, தடுப்பூசி ஊரூராகப் போனது, 1975ல் இந்தியாவில் கடைசி நோயாளி, 1980ல் உலகத்திலேயே நோய் ஒழிந்துவிட்டது என்ற அறிவிப்பு. கோட்டை மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா இன்றும் ஊர் கூடி நடக்கிறது. ஆனால் பெரியம்மைக்கு விளக்கம் கேட்டு யாரும் அங்கே போவதில்லை. சைவன் ஐயா இன்றைக்கு உயிரின் தோற்றத்தில் காட்டும் ‘தடை’யும் அப்படிப்பட்ட ஒரு தெரியாத இடம்தான். அங்கே கடவுளைக் கொண்டுபோய் உட்காரவைத்தால், விடை கிடைக்கும் நாளில் அவரை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

மலைக்காப்பி

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவன். உங்கள் கோடி ஆண்டுக் கணக்குகளை நான் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் இருந்து பார்த்தவர் யார்? ஆதியாகமம் ஆறு நாள் என்கிறது. எனக்கு அது போதும்.

அறிவியலின்படியே பேச வேண்டுமானால் லூயி பாஸ்டர் என்ற அறிவியலாளரிடம் போங்கள். 1860களில் வளைந்த கழுத்துடைய குடுவையில் சத்துநீரைக் கொதிக்கவைத்து, வெளிக்கிருமி புகாதவரை அதில் எதுவும் பிறக்காது என்று காட்டினார். உயிரிலிருந்தே உயிர். அவர் ஆண்டவரை நம்பியவர். அந்த முடிவை இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். களிமண் இருந்தால் கொழுப்பு அமிலங்கள் விரைவாகச் சிறு பைகளாகத் திரள்கின்றன என்று ஜாக் சோஸ்டாக்கின் குழுவினர் 2003ல் எழுதினார்கள். மனிதனை மண்ணினாலே உருவாக்கினார் என்று வேதம் எப்போதோ சொல்லிவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியை

சகோதரரே, நானும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவள். பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள். நீங்கள் எழுதியதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

பாஸ்டர் எதைச் சோதித்தார்? இன்றைய காற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள், கொதிக்கவைத்த சத்துநீருக்குள் சில நாட்களில் தாமாகப் பிறக்கின்றனவா என்பதை. இல்லை என்று காட்டினார், அது நிலைத்துவிட்டது. ஆக்சிஜன் இல்லாத ஆதிகாலப் பூமியில் கோடி ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது அவருடைய குடுவைக்குள் இல்லை.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு இதே கேள்வியில் மோதிய இருவரையும் நினைத்துப்பாருங்கள். உயிரற்றதிலிருந்து நுண்ணுயிர் பிறக்கும் என்று வாதிட்ட ஜான் நீதம் ஒரு கத்தோலிக்கக் குரு. இல்லை என்று இன்னும் நன்றாகக் கொதிக்கவைத்துக் காட்டிய ஸ்பல்லன்சானியும் கத்தோலிக்கக் குரு. உயிரற்றதிலிருந்து உயிர் வரும் என்று நினைத்ததால் நீதமின் விசுவாசம் போய்விடவில்லை. அக்காலத்தில் இது கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டையாகவே இருக்கவில்லை.

களிமண்ணை வேதத்தோடு பொருத்துகிறீர்களே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்த லெமேத்ர் ஒரு குரு. 1951ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசியபோது லெமேத்ர் மகிழவில்லை, கவலைப்பட்டார். அறிவியல் கொள்கை நாளைக்கு மாறும், விசுவாசத்தை அதன்மேல் கட்டக்கூடாது என்பதே அவர் நிலை. அந்தத் திருத்தந்தையே 1950ல் மனித உடலின் பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று சுற்றுமடல் எழுதியவர். 2003ன் களிமண் ஆய்வை நாளை யாராவது திருத்தினால் ஆதியாகமத்தையும் திருத்துவீர்களா?

சூரமங்கலம் சைவன்

காந்தக்கல் அம்மா எழுதியதைக் கவனமாகப் படித்தேன். அவர் தந்த சான்றுகளிலேயே என் வாதம் இருக்கிறது.

மேக்னடைட் பரப்பைத் தூய்மையாகத் தயாரித்தது யார்? அதைக் காந்தப்படுத்தியது யார்? அந்தச் சேர்மத்தைச் சரியான அளவில் கரைத்து ஊற்றியது யார்? 2009ல் ஜான் சதர்லாந்தின் குழு ஆர்.என்.ஏ.வின் இரண்டு அலகுகளைச் செய்துகாட்டியது. பெரிய சாதனை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் மதிக்கிறேன். ஆனால் படிப்படியாக எந்தப் பொருளை எப்போது சேர்ப்பது, எப்போது புறஊதா ஒளி காட்டுவது என்று முடிவு செய்தது மனித அறிவு. 2010ல் கிரெய்க் வென்டர் ‘செயற்கைச் செல்’ என்று அறிவித்தாரே, அது என்ன? ஆய்வகத்தில் எழுதிய டி.என்.ஏ.வை ஏற்கெனவே உயிரோடிருந்த ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தார். 2016ல் அதைச் சுருக்கி 473 மரபணுக்களில் நிறுத்தினார்கள். அதிலும் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்று அவர்களுக்கே அப்போது தெரியவில்லை. மிகச் சுருங்கிய உயிருக்கே இவ்வளவு வேண்டியிருக்கிறது.

ஆய்வு முன்னேற முன்னேற, குயவனின் கை எவ்வளவு தேவை என்பதே தெளிவாகிறது. கை வைக்காமல் நடந்ததைக் காட்டுங்கள், பேசலாம்.

காந்தக்கல்

இது நல்ல கேள்வி ஐயா. வேதியியலாளர்களே இதைத் தங்களுக்குள் கடுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷாபிரோ, ஆய்வகத்தின் தூய பொருட்களைக் கொண்டு ஆர்.என்.ஏ. செய்துவிட்டு அது ஆதிப்பூமியிலும் நடந்திருக்கும் என்பதை ஏற்க மாட்டேன் என்று கடைசிவரை எழுதினார். ஆகவே கை வைக்காமல் நடந்தவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் அடையாளம் காணப்பட்டன. பெரும்பாலானவை பூமியின் உயிர்கள் பயன்படுத்தாதவை, ஆகவே தரையில் ஒட்டிய அழுக்கு என்று தள்ள முடியாது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் விண்கலம் 2023 செப்டம்பரில் 121.6 கிராம் மண் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் முடிவுகள் வந்தன: உயிர்கள் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் குறிப்பின் எழுத்துகளாக இருக்கும் ஐந்து காரங்களும். அந்தச் சிறுகோளில் யாரும் குடுவை வைக்கவில்லை.

அடுத்தது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில், மேக்னசைட் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்த வெள்ளைக்கல் குன்றுகளைச் சொல்கிறேன். சேர்வராயன் மலையின் காலடியில், செட்டிச்சாவடிப் பக்கம் சுரங்கம் வெட்டிய சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மங்கிய பச்சையும் பழுப்புமான டூனைட் பாறை. அதை ஊடறுத்து வெள்ளை நரம்புகள், விரல் பருமனிலிருந்து கைத்தண்டிப் பருமன்வரை, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. உடைந்த துண்டின் விளிம்பைத் தடவினால் சில இடங்களில் மெழுகுபோல் வழுவழுக்கும். அது செர்பென்டைன். டூனைட்டில் நிறைந்திருக்கும் ஆலிவின் கனிமம் நீரோடு வினைபுரிந்தால் செர்பென்டைனாக மாறுகிறது. அதிலிருக்கும் இரும்பு மேக்னடைட் ஆகிறது. அப்போது நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு பிரிந்து வெளியேறுகிறது. கரியமிலம் கலந்த நீர் வந்தால் மக்னீசியம் அதனோடு சேர்ந்து வெள்ளைக்கல்லாகப் படிகிறது.

இதே வினை இன்றும் அட்லாண்டிக் கடலடியில் நடந்துகொண்டிருக்கிறது. 2000ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த இடத்துக்குத் ‘தொலைந்த நகரம்’ என்று பெயர் வைத்தார்கள். 60 மீட்டர்வரை உயர்ந்த கார்பனேட் புகைக்கூண்டுகள், அவற்றின் நுண்துளைகள் வழியாக 40 முதல் 90 டிகிரிச் சூட்டில் காரத்தன்மையுள்ள நீர் கசிகிறது. அந்த நீரில் ஹைட்ரஜன், மீத்தேன், ஃபார்மேட் என்ற எளிய கரிமச் சேர்மம் எல்லாம் இருக்கின்றன. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்ந்து கரிமச் சேர்மமாவது பாறையும் நீரும் மட்டுமே கூடி நடத்தும் வேலை. இன்றும் சில நுண்ணுயிர்கள் இந்த இரண்டையும் இணைத்தே பிழைக்கின்றன. ஆகவேதான் மைக்கேல் ரசல், வில்லியம் மார்ட்டின், நிக் லேன் போன்றவர்கள் உயிரின் தொடக்கத்தை இத்தகைய வெந்நீர் ஊற்றுகளில் தேடுகிறார்கள்.

நம் வெள்ளைக்கல் குன்றில் உயிர் தோன்றியது என்று நான் சொல்லவில்லை. அதற்கான வயதும் அந்தப் பாறைக்கு இல்லை. ஆனால் உயிருக்கு எரிபொருளாகக் கூடிய ஒரு வேதிவினையின் தழும்பு நம் ஊர்ப் பாறையில் இருக்கிறது. அதை நடத்த எந்தக் கையும் தேவைப்படவில்லை.

மலைக்கிராமம்

ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளை நான். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்கத் திரள்கிறது. குகைக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிடுகிறோம். உலகம் எப்படி உண்டாயிற்று என்று கேட்க எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை. எங்கள் மலை, எங்கள் சாமி என்று போகிறோம். இந்த இழையில் ‘நம்பிக்கை உள்ளவர்கள்’ என்று எல்லாரையும் சேர்த்துக் கட்டிப் பேசும்போது எங்களையும் சேர்க்காதீர்கள். என் சாமிக்கு டி.என்.ஏ.வோடு தகராறு இல்லை.

செவ்வாய்ப்பேட்டை

மில்லர், சதர்லாந்து, ஹார்வர்டு. எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. அவர்கள் கடவுளோடு அவர்கள் போடும் சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அம்மாப்பேட்டைத் தறி

தோழர், அப்படித் தள்ளிவிட முடியாது. ஆதிக்கடல் நீரில் கரிமப்பொருட்கள் திரண்டு உயிர் தோன்றியிருக்கலாம் என்று 1929ல் எழுதிய ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957ல் இந்தியாவுக்கு வந்து குடியேறினார், இந்தியக் குடிமகனானார், 1964ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். மர்ச்சிசன் விண்கல்லின் அமினோ அமிலங்களை 1970ல் உலகுக்குக் காட்டிய குழுவில் முதன்மையானவர் சிரில் பொன்னம்பெருமா, இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். தத்துவத்திலிருந்து வேதியியலுக்குப் போனவர் என்பதைச் சைவன் ஐயா கவனிக்க வேண்டும். 1960களில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பகதூர், சூரிய ஒளியில் வைத்த கலவையிலிருந்து ‘ஜீவாணு’ என்ற நுண்துகள்கள் உண்டாவதாகவும் அவை வளர்வதாகவும் அறிவித்தார். நாசாவின் ஆய்வாளர்கள் அதைச் சரிபார்த்து 1967ல் ஐயம் தெரிவித்தார்கள். அவற்றை உயிர் என்று அறிவியல் உலகம் ஏற்கவில்லை. நம் நாட்டவர் சொன்னார் என்பதற்காக ஏற்கவும் இல்லை, நம் நாட்டவர் என்பதற்காகக் கேட்காமல் விடவும் இல்லை.

சம இடம் கேட்கிறவர்களிடம் ஒரு கேள்வி. எந்தப் படைப்புக்கு? சைவன் ஐயாவின் சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம், அதாவது இறைவன், ஆன்மா, கட்டு, மூன்றும் அநாதி. ஆன்மாவை இறைவன் படைக்கவே இல்லை. தனு, கரண, புவன, போகங்களை, அதாவது உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள்களை, மாயையிலிருந்து தருகிறான், அவ்வளவுதான். மலைக்காப்பி அண்ணனின் வேதத்தில் ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாம் படைக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. சேலத்து வகுப்பறையில் இந்துவும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் யாருடைய படைப்பைக் கரும்பலகையில் எழுதுவார்? அரசமைப்புச் சட்டம் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமகனின் கடமை என்கிறது. விலங்கியல் பாடவேளையில் விலங்கியலையே நடத்துங்கள்.

மலைக்காப்பி

பென்னு மண்ணைப் பற்றிக் காந்தக்கல் தங்கை பாதியைத்தான் சொன்னார். நானும் அந்தச் செய்தியைப் படித்தேன். அதிலிருந்த அமினோ அமிலங்களில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. விண்கற்கள்தாம் இடக்கை வடிவத்தைப் பூமிக்குக் கொண்டுவந்தன என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அது என்ன ஆயிற்று?

காந்தக்கல்

அடிபட்டது அண்ணா. மர்ச்சிசனில் சில அமிலங்களில் இடக்கை வடிவம் சற்றுக் கூடுதலாக இருந்ததால் பலர் அப்படி நம்பினார்கள். பென்னு அந்த நம்பிக்கைக்கு எதிராக வந்தது. அதை மறைக்காமல் முதலில் எழுதியவர்கள் அந்த மண்ணை ஆராய்ந்தவர்களே. உங்கள் கையில் இருக்கும் வாதத்தையும் அவர்கள்தாம் தந்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

சைவன் ஐயாவிடம் நேராக ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் ஓர் ஆய்வகம், பாறை, நீர், வாயு இவற்றை மட்டும் வைத்து, யாரும் குறுக்கிடாமல், தானே பெருகும் ஒரு செல் உண்டாவதைக் காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலை நீங்கள் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போவீர்களா, மாட்டீர்களா?

சூரமங்கலம் சைவன்

போவேன். சிறிதும் தயக்கமில்லாமல் போவேன். பாறைக்கும் நீருக்கும் அந்த இயல்பை வைத்தவன் யார் என்ற கேள்வி அப்போதும் நிற்கும். மாயையிலிருந்து தனு எந்த வழியாக வந்தாலும் தந்தவன் அவனே. என் வழிபாடு எந்தக் குடுவையையும் நம்பி இல்லை.

அம்மாப்பேட்டைத் தறி

ஐயா, இதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆய்வகம் வென்றாலும் உங்கள் நம்பிக்கை குறையாது. அப்படியானால் ஆய்வகம் இன்னும் வெல்லவில்லை என்பது உங்கள் நம்பிக்கைக்கு எப்படிச் சான்றாகும்? எந்த முடிவு வந்தாலும் அசையாத ஒன்றுக்கு, ஒரு பக்கத்து முடிவை மட்டும் எடுத்து ஆதரவாகக் காட்ட முடியாது. இந்த இழையின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு ‘இல்லை’ என்பதே விடை. இவ்வளவுக்கும் அந்த விடையைத் தந்தது உங்கள் பக்திதான், என் நாத்திகம் அன்று.

சூரமங்கலம் சைவன்

அதே அளவுகோலை உங்களிடமும் திருப்புகிறேன். இன்னும் ஆயிரம் ஆண்டு ஆய்வகங்கள் தோற்றாலும் நீங்கள் ‘இன்னும் தெரியவில்லை’ என்றே சொல்வீர்கள். ‘இயற்கையால்தான்’ என்பதை ஒருநாளும் கைவிட மாட்டீர்கள். உங்களுடையதும் அசையாத நம்பிக்கைதான்.

காந்தக்கல்

பாதி சரி ஐயா. இயற்கைக் காரணத்தைத் தேடுவோம் என்பது ஆய்வின் முடிவு அன்று, ஆய்வுக்குள் நுழையும்போது ஏற்கும் விதி. அந்த விதியை வைத்துக் கடவுள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இதில் தறி அண்ணன் என்னோடு உடன்படமாட்டார்.

அம்மாப்பேட்டைத் தறி

உடன்படமாட்டேன்தான் அம்மா. வெறும் விதி என்றால் ஒருமுறையாவது தோற்றிருக்க வேண்டும். உயிர்ப்பொருளை உயிர்தான் செய்யும் என்றார்கள். 1828ல் வோலர் ஆய்வகத்தில் யூரியா செய்தார். இடி, கிரகணம், பெரியம்மை என்று காரணம் தெரிந்த இடத்திலெல்லாம் இயற்கையே கிடைத்திருக்கிறது. இத்தனை முறை வென்றதை முடிவு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

சூரமங்கலம் சைவன்

அதில் நாம் சேரப்போவதில்லை. ஆனால் என் முதல் பதிவில் கேட்ட ஒன்றுக்கு இன்னும் யாரும் விடை தரவில்லை. நீர் சங்கிலியை அறுக்கும் என்றேன். காந்தக்கல் அம்மா கடலடி ஊற்றைக் காட்டுகிறார். அங்கே எந்நேரமும் நீர்தானே? கை வைக்காத இயற்கையான இடத்தில் யாராவது இதைச் செய்துபார்த்ததுண்டா?

காந்தக்கல்

உண்டு. நீர்ப் பிரச்சினையைக் காரணம் காட்டியே இன்னொரு தரப்பு, கடலை விட்டுவிட்டு நிலத்திலுள்ள வெந்நீர்ச் சுனைகளுக்குப் போகிறது. சுனையின் ஓரம் வறளும்போது நீர் வெளியேறுவதால் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கும், நனையும்போது கொழுப்புப் பைகளுக்குள் அடைபடும், மறுபடி வறளும். கலிபோர்னியாவின் டேவிட் டீமர் இதை ஆய்வகத்தில் காட்டியதோடு நிற்காமல், ரஷ்யாவின் கம்சாட்கா எரிமலைப் பகுதிக்குப் போய், ஓர் இயற்கைச் சுனையில் அமினோ அமிலங்கள், காரங்கள், பாஸ்பேட், கொழுப்பு அமிலம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, என்ன நடக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்த்தார்.

தோற்றது. போட்ட பொருட்கள் விரைவிலேயே சுனையின் களிமண்ணில் ஒட்டிக்கொண்டன. பைகளும் உண்டாகவில்லை, சங்கிலிகளும் உண்டாகவில்லை. 2006ல் அப்படியே எழுதி வெளியிட்டார். பிறகு அவர் குழுவினர் வேறு வெந்நீர்ச் சுனைகளின் நீரை எடுத்துச் சோதித்தபோது, உப்புக் குறைந்த அந்த நீரில் கொழுப்புப் பைகள் உண்டாயின. கடல்நீரில் உண்டாகவில்லை. 2018ல் வந்த இந்த முடிவு, கடலடி ஊற்றின் பக்கம் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சாதகமானது அன்று. காரநீர் ஊற்றிலும் சிலவகைக் கொழுப்புக் கலவைகள் பைகளாகின்றன என்று 2019ல் நிக் லேனின் குழு பதில் தந்திருக்கிறது. நிலமா கடலா என்ற வழக்கு இப்போது அந்த இடத்தில் நிற்கிறது.